வலி தணிக்கக் கற்கச் செல்பவர்களும் நம் ஜமாஅத்தின் பொறுப்பும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், முன்பு என்னிடம் மக்தபில் குர்ஆன் ஓதிய மாணவி ஒருவர் தம் கணவருடன் மதரஸாவுக்கு வந்தார். இப்போது அவர் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். ஒன்பது ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர். கோழிக்கோட்டில் செவிலியருக்கென்றே நடத்தப்படும் ஆறு வாரத் தணிப்பு மருத்துவப் பயிற்சியில் சேர விரும்புவதாகவும், அது முடிந்தபின் பணியில் இருந்துகொண்டே தொலைக்கல்வி வழியாக மேற்கொண்டு படிக்க எண்ணியிருப்பதாகவும் கூறினார். மருத்துவமனை விடுப்புத் தர இசைந்துவிட்டது. அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை.

"ஹஜ்ரத், ஜமாஅத்தில் உதவி கேட்கலாமா? அது ஸகாத் பணமாக இருந்தால் நான் வாங்கலாமா?" என்பதே அவருடைய கேள்வி.

அவருக்காக நான் நிர்வாகிகள் சிலரிடம் பேசினேன். நல்ல மனிதர்கள். ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தம் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பவர்கள். அவர்களில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், பிழைக்க வைக்கிற படிப்பென்றால் கொடுக்கலாம். சாகப் போகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு படிப்பா? மவ்த்து அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதற்கு எதற்குச் சர்டிஃபிகேட்?"

அவருக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு இயலவில்லை. ஏனெனில் ஏழாண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இக்கட்டுரை அவருக்கு நான் தரும் பதில்.

முதலில், இந்தத் துறை எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைகளில் 'பாலியேட்டிவ் கேர்' என்று வழங்கும் இதனை வலி மற்றும் நோய்த் தணிப்பு மருத்துவம் என்கிறோம். முற்றிய புற்றுநோய், செயலிழந்த சிறுநீரகம், பக்கவாதம், தளர்ந்துபோன இதயம் என்று முழுமையாகக் குணப்படுத்த இயலாத நோய்களில் நோயாளியின் வலி, மூச்சுத் திணறல், வாந்தி, புண், தூக்கமின்மை, அச்சம் ஆகியவற்றைத் தணிப்பதே இதன் பணி. நோயாளியைப் பராமரித்துத் துவண்டுபோன குடும்பத்தையும் இது தன் பொறுப்பாகவே கொள்கிறது. இது மரணப் படுக்கைக்கு மட்டும் உரியது என்று நினைப்பது தவறு. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே, மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துத் தரப்பட வேண்டியது என்றே உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உயிரைப் பறிக்கும் ஊசி போடும் கருணைக்கொலைக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. தணிப்பு மருத்துவம் மரணத்தை விரைவுபடுத்துவதுமில்லை, வலிந்து தள்ளிப்போடுவதுமில்லை.

இத்துறைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர் ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. செவிலியராகத் தொடங்கி, பின் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, வலியில் துடிப்பவர்களுக்கு மருத்துவர்கள் செவிசாய்க்கவில்லை என்று கண்டு, முப்பது வயதைக் கடந்தபின் தாமே மருத்துவம் படித்தவர். 1967இல் இலண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். உடல் வலி, மன வலி, உறவுகளால் வரும் வலி, ஆன்மாவின் வலி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது அவருடைய கருத்து. அவரைச் செலுத்தியது அவருடைய கிறிஸ்தவ இறைநம்பிக்கை. இதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி என் அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தா உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். ஐவேளைத் தொழுகையாளி. அறுபத்தெட்டாம் வயதில் புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவியிருப்பது தெரிய வந்தது. ஒரு மருத்துவமனையில் நான்கு மாதங்கள் சிகிச்சை பெற்றார். பிறகு அங்கிருந்த மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. கையில் இருந்தது பாராசிட்டமால் மாத்திரைச் சீட்டும் இன்னொரு வலி மாத்திரையும்.

வீட்டுக்கு வந்தபின் ஐம்பத்து மூன்று நாட்கள் அத்தா உயிரோடு இருந்தார். முதுகெலும்பிலும் இடுப்பிலும் வலி. இரவில் புரள முடியாது. படுக்கை விரிப்பை மாற்ற நாங்கள் தூக்கும்போதெல்லாம் அலறுவார். பிறகு அலறியதற்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்பார். நான் அருகில் அமர்ந்து, அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்வேன். "ஸப்ர் செய்யுங்கள் அத்தா, முள் குத்தினாலும் பாவம் மன்னிக்கப்படும் என்று ஹதீஸ் இருக்கிறது" என்பேன். நான் சொன்னவை யாவும் உண்மை. ஒரு நாள் அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "எல்லாம் சரிதான்டா. தொழ முடியவில்லையே. ஃபாத்திஹா ஓத ஆரம்பிக்கிறேன், பாதியில் வலி வந்து மறந்து போகிறது" என்றார். அன்று அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பின்னாளில் ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார்: எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி பெரும்பாலோருக்கு நன்றாகவே குறைக்கக்கூடியது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியே உட்கொள்ளும் மார்ஃபின் மாத்திரை, அதோடு மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, தேவைப்பட்டால் வலியுள்ள இடத்தில் ஒரே ஒருமுறை கதிர்வீச்சு. இதில் விண்வெளி அறிவியல் எதுவும் இல்லை. மார்ஃபின் மாத்திரை விலையுயர்ந்ததும் அன்று. அத்தாவுக்குக் கிடைக்காமல் போனது அதை எழுதித் தரக் கற்ற ஒருவர்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற ஆலிம்கள் நின்று யோசிக்க வேண்டும். ஸப்ரைப் பற்றி நாம் பேசுவது சரி. எப்போது, யாரிடம், எதற்குப் பதிலாகப் பேசுகிறோம்? புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு நிகழ்வை நாம் எல்லோரும் பயான்களில் சொல்லியிருக்கிறோம். வலிப்பு நோயால் அவதியுற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து தமக்காகப் பிரார்த்திக்கக் கேட்டார். பொறுமை கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடையப் பிரார்த்திக்கிறேன் என்று நபியவர்கள் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அப்பெண் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் பிரார்த்திக்கக் கேட்டார். நபியவர்கள் அவருக்காகத் துஆச் செய்தார்கள். இந்த ஹதீஸை இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியபின்தான் இதில் இரண்டு செய்திகளை நான் கவனித்தேன். தேர்வு அந்தப் பெண்ணுடையதாக இருந்தது. பொறுமையைத் தேர்ந்தபின்னும் அவரை மிக வருத்திய ஒன்று, தம் கண்ணியம் பற்றிய கவலை, அலட்சியம் செய்யப்படவில்லை. என் அத்தாவின் முன் நான் வைத்தது ஒன்றே ஒன்று. அதை அவர் தேர்ந்தார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று என்பதற்கு ஆதாரம் கூறத் தேவையில்லை. அல்லாஹ் நோயை இறக்கியபோது அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்னும் பொருளிலான ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. முதுமை ஒன்றுக்கு மட்டுமே அதில் விதிவிலக்கு. வலிக்கு விதிவிலக்கு சொல்லப்படவில்லை.

மார்ஃபினைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு அச்சங்கள் உண்டு. "அபின் ஆயிற்றே, போதைப்பொருள் ஹராம் ஆயிற்றே" என்பது ஒன்று. போதைக்காக உண்பதும், கற்றறிந்த மருத்துவர் வலிக்கு அளவறிந்து தருவதும் ஒன்றாகா. நிர்ப்பந்தமும் தேவையும் சட்டத்தைத் தளர்த்தும் என்பது உஸூலுல் ஃபிக்ஹின் தொடக்கப் பாடம். மற்றொன்று, "மார்ஃபின் தந்தால் சீக்கிரம் மவ்த்தாகிவிடுவார்" என்பது. சரியான அளவில் சிறுகத் தொடங்கி உயர்த்தப்படும் வாய்வழி மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை என்பதே இத்துறையினரின் அனுபவம். அந்தச் 'சரியான அளவு' என்பதைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டின் நிலை ஒரு முரண். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிரிடப்படுகிறது. இங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், கடும் தண்டனைக்கும் பல உரிமங்களுக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே கைவிட்டன. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு வழி எளிதாக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அம்மருந்தைக் கையால் தொடாமலேயே பணிசெய்து பழகிவிட்டனர். 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஓராண்டில் வழங்கப்படும் 298.5 டன் வலி நிவாரண ஓபியாய்டு மருந்துகளில் மிக வறிய நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன். எங்கோ ஒரு பெரிய அநியாயம் நடக்கிறது என்பதை உணர இந்த ஓர் எண் போதும்.

சட்டம் திருந்தியது, கை பழகவில்லை. இங்குதான் படிப்பின் தேவை வருகிறது. தணிப்பு மருத்துவத்தை 2010இல்தான் இந்திய மருத்துவக் கழகம் தனித் துறையாக அங்கீகரித்தது. 2012இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் எம்.டி. பட்டப்படிப்பு தொடங்கியது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குப் பாடத்தின் உள்ளேயே வலியும் தணிப்பும் இடம்பெற்றது 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில். ஆக, இன்று குனியமுத்தூரிலோ பொள்ளாச்சியிலோ மேட்டுப்பாளையத்திலோ கிளினிக் நடத்தும் நாற்பது, ஐம்பது வயது மருத்துவர் தம் கல்லூரி நாட்களில் இதைப் பாடமாகப் படித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மூன்றாண்டு எம்.டி.க்குப் போகப் போவதில்லை. செவிலியரும் போக இயலாது. பணியில் இருந்துகொண்டே கற்கும் படிப்புகளே இவர்களுக்கு வழி.

அத்தகைய வழிகள் இருக்கின்றன. வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 1989 முதல் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்குத் தொலைக்கல்வி முறையில் முதுநிலை டிப்ளமா நடத்துகிறது. இந்தியத் தணிப்பு மருத்துவச் சங்கம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சில வாரங்களில் முடியும் அடிப்படைச் சான்றிதழ் படிப்பை ஊர் ஊராக நடத்துகிறது. கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் ஆறு வார நேரடிப் பயிற்சிகள் உள்ளன. கோழிக்கோடு கோவையிலிருந்து இரயிலில் சில மணி நேரம். நம் மக்கள் கல்யாணத்துக்கும் மீன் கொள்முதலுக்கும் போய்வரும் ஊர்தான் அது.

அங்கே 1993இல் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களும் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியதே, பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் பரவிய அண்டைவீட்டார் அமைப்பாக வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முடிந்த எவரும் சேரலாம். பதினாறு மணி நேர வகுப்பும் நான்கு நாள் களப் பயிற்சியும் தருவார்கள். ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், கடைக்காரர், கல்லூரி மாணவர் எனப் பலர் பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடு வீடாகச் செல்கிறார்கள். செலவில் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் சிறு சிறு நன்கொடைகள். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. மலப்புறம் எத்தகைய மாவட்டம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் போன்ற மஹல்லாக்கள், நம்மைப் போன்ற பள்ளிவாசல்கள் நிறைந்த ஊர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மழையும் நமக்கு வருகின்றன. இது மட்டும் ஏன் வரவில்லை?

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வரும் சேவைகளில் ஒன்று. ஆயினும் அரசின் ஒரு செவிலியர் எத்தனை வீடுகளுக்குத்தான் போவார்? நம் தெருவிலேயே கற்ற ஒருவர் இருப்பது வேறு.

நம் தெருவில் இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அந்த மாணவியே ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்து வயிற்றில் பை பொருத்தப்பட்ட ஒரு முதியவர், ஐந்து மாதங்களாகத் தொழவில்லை. "நான் எப்போதும் நஜீஸோடு இருக்கிறேன், எப்படித் தொழுவது?" என்று எண்ணிக்கொண்டு தனக்குள்ளேயே அழுதுகொண்டிருந்திருக்கிறார். மகன்களுக்குத் தெரியாது. மருத்துவர் கேட்கவில்லை; கேட்க அவருக்குத் தோன்றாது. இந்தச் செவிலியர் கேட்டார், என்னிடம் வந்து சட்டம் விசாரித்தார். நான் சொன்னேன்: தொடர்ந்து அசுத்தம் வெளியேறுபவர் உழூர் உடையவர், தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து, உட்கார்ந்தோ படுத்தோ சைகையாலோ அவர் தொழலாம். நுணுக்கங்களில் ஹனஃபி, ஷாஃபியீ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. தொழுகை கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அன்று மஃரிபுக்கு அந்த முதியவர் தொழுதார். மார்ஃபினால் தணியாத வலி ஒன்று அவருக்கு இருந்தது. ஒரு செவிலியரின் கேள்வியும் ஃபிக்ஹு நூலின் அரைப் பக்கமும் சேர்ந்து அதைத் தணித்தன. பெண் நோயாளிகளைக் கேட்கவே வேண்டாம். தன் மார்பகப் புண்ணைக் கணவரிடம்கூடக் காட்ட வெட்கப்படும் நம் தாய்மார்கள், வீட்டுக்கு வரும் ஒரு முஸ்லிம் பெண் செவிலியரிடம்தான் வாய்திறப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நோயின் உண்மையை நோயாளியிடமிருந்து மறைப்பதை நாம் அன்பு என்று எண்ணுகிறோம். "அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று நானே மருத்துவரைக் கேட்டுக்கொண்டேன். அத்தாவுக்குத் தெரிந்தே இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. எங்களுக்காக அவர் தெரியாதவர் போல இருந்தார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் வழக்கம்போல நான் ஸஃபுக்கு முன்னால் நின்று, "என் தகப்பனார் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள்" என்று அறிவித்தேன். மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். எழுபதாயிரம் ரூபாய். சீட்டு இல்லை, சாட்சி இல்லை. அத்தா அவரைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லும் வாய்ப்பை நாங்கள் தரவில்லை. நான் கொடுத்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். அது கடன்தானா என்னும் ஐயம் இன்னும் என் தங்கைகளுக்கு உண்டு. நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களை நலம் விசாரிக்கச் சென்ற நபி (ஸல்) அவர்கள், அவருடைய சொத்தைப் பற்றியும் வஸிய்யத்தைப் பற்றியும் அந்தப் படுக்கையருகிலேயே பேசினார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்ற சட்டம் நமக்குக் கிடைத்ததே அந்தச் சந்திப்பில்தான். வஸிய்யத், கடன், விடுபட்ட நோன்புக்கான ஃபித்யா, மனைவிக்குத் தரவேண்டிய மஹர், பகைத்த அண்ணனிடம் மன்னிப்பு என்று ஒரு முஃமினுக்குக் கடைசி மாதங்களில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. உண்மையை மென்மையாக, நோயாளி தாங்கும் அளவுக்குச் சொல்வது எப்படி என்பது இந்தப் படிப்பில் ஒரு பாடம். நம் மதரஸாக்களில் அது பாடமாக இல்லை. கலிமாவைச் சொல்லிக்கொடுக்கும்போதுகூடச் சக்ராத்திலிருப்பவரை நச்சரிக்கக் கூடாது, ஒருமுறை சொல்லிவிட்டால் மீண்டும் வற்புறுத்தக் கூடாது என்று ஃபுகஹாக்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் சூழ்ந்து நின்று உரத்த குரலில் சொல்லச் சொல்வதைத்தான் நான் பல வீடுகளில் காண்கிறேன்.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். சாகப் போகிறவருக்கு எதற்குச் செலவு?

மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியின் வளாகத்துக்குள்ளேயே ஒரு கூடாரம் அடிக்கப்பட்டது. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, அருகிலிருந்து நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் அங்கே தங்கவைத்தார்கள். காயமுற்றோரைப் பராமரித்த ருஃபைதா (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணியின் கூடாரம் அது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஸஅத் (ரலி) அவர்கள் பிழைக்கவில்லை. அந்தக் காயத்தாலேயே ஷஹீதானார்கள். அந்தக் கூடாரம் வீண் செலவு என்று யாரேனும் சொல்வோமா?

பணியிலிருப்போர் மேற்கொண்டு கற்பதும் நமக்குப் புதிதன்று. சுல்தான் நூருத்தீன் ஸன்கீ 1154இல் திமிஷ்கைக் கைப்பற்றியபின் அங்கே நிறுவிய மருத்துவமனையில், அபுல் மஜ்த் என்னும் தலைமை மருத்துவர் காலையில் நோயாளிகளைப் பார்த்து முடித்தபின், பெரிய மண்டபத்தில் நூல்களோடு அமர்வார். மற்ற மருத்துவர்களும் மாணவர்களும் சூழ்ந்திருப்பார்கள். மூன்று மணி நேரம் பாடமும் விவாதமும் நடக்கும். மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த மருத்துவமனைக்கு நூல்களையும் சுல்தானே வக்ஃபு செய்தார். நோயாளிக்குக் கஞ்சியும் மருத்துவருக்குக் கல்வியும் ஒரே வக்ஃபிலிருந்து போயின.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்வி அத்தியாயத்தில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள். ஊரில் எவரும் அதைக் கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. அதே இடத்தில் அவர்கள் ஒரு வருத்தத்தையும் வெளியிடுகிறார்கள்: முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்க, எல்லோரும் ஃபிக்ஹிலும் அதன் தர்க்கங்களிலுமே போய் விழுகிறார்களே என்று. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னது. படிக்கும்போது எங்களைப் போன்றோரின் முகத்தில் அடிப்பது போலிருக்கிறது.

நம் ஜமாஅத்திடம் மையித்தைக் கொண்டுசெல்ல வண்டி இருக்கிறது. குளிரூட்டும் பெட்டி இருக்கிறது. கஃபன் துணி எப்போதும் தயாராக இருக்கிறது. குழி தோண்ட நள்ளிரவிலும் இளைஞர்கள் ஓடிவருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. உயிர் பிரிந்த நிமிடத்திலிருந்து நாம் மிகச் சிறந்த சமுதாயம். அதற்கு முந்தைய ஐம்பத்து மூன்று நாட்களுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

மாணவியின் ஸகாத் கேள்விக்கு நான் சொன்ன விடை இதுதான்: அவரும் கணவரும் சம்பாதிக்கிறார்கள், ஸகாத் பெறும் எட்டு வகையினரில் அவர் அடங்குவார் என்று என்னால் கூற இயலவில்லை, ஆகவே ஸகாத் நிதியிலிருந்து வேண்டாம். இதில் வேறு கருத்துள்ள ஆலிம்கள் இருக்கலாம், நான் பேணுதலான பக்கத்தைச் சொன்னேன். ஆனால் ஸதகா நிதியும் பள்ளிவாசல் கடைகளின் வாடகையும் ஸகாத் அல்லவே. அதிலிருந்து தரத் தடையேதும் இல்லை. ஏழை நோயாளிகளின் மருந்துக்கும் கட்டில் வாடகைக்கும் ஸகாத்தையே தாராளமாகத் தரலாம்.

நான் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு வாரச் சம்பள இழப்பும் பயிற்சிக் கட்டணமும் தங்கும் செலவும் அவருக்குத் தரப்பட வேண்டும். பதிலுக்கு, அவர் திரும்பி வந்தபின் வாரத்தில் ஒரு நாள் மஹல்லாவின் படுக்கை நோயாளிகளை வீட்டில் சென்று பார்ப்பார். இதற்கு அவர் தாமாகவே ஒப்புக்கொண்டார். சாதி மதம் பார்க்காமல் பக்கத்துத் தெருக்களுக்கும் போவேன் என்றும் சொன்னார். மலப்புறத்திலும் அப்படித்தான் நடக்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு. நம் பகுதியில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்களில் ஒருவரையாவது அடிப்படைச் சான்றிதழ் படிப்பில் சேரச் சொல்லி ஜமாஅத் கேட்க வேண்டும். செவிலியர் எவ்வளவு கற்றாலும் மார்ஃபின் சீட்டில் கையெழுத்திட மருத்துவர் வேண்டும். மருந்து கிடைக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையோடு தொடர்பும் வேண்டும். கூடவே, மதரஸாவின் மூத்த மாணவர்கள் நான்கு பேரையும் என்னையும் அந்தப் பதினாறு மணி நேரத் தன்னார்வலர் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். மலையாளம் புரியுமா என்று ஒரு நிர்வாகி கேட்டார். கோவைக்காரர்களுக்கு அது ஒரு தடையா என்ன?

இந்த வேண்டுகோள் எதிர்வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நடைபெறும் நிர்வாகக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட உள்ளது. அந்தப் பெரியவரும் வருவார். சென்ற வாரம் அவருடைய மனைவிக்கு மருத்துவமனையில் ஏதோ பரிசோதனை எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்றிருந்தேன். முடிவு இன்னும் வரவில்லை என்றார். புறப்படும்போது வாசல் வரை வந்து, "அந்தப் பிள்ளை என்றைக்குக் கோழிக்கோட்டுக்குப் போகிறது?" என்று மட்டும் கேட்டார்.

ஓதிவரும் சகோதரர்கள் அவருடைய மனைவியின் ஷிஃபாவுக்காகத் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.